நிழற்படத் திருத்த மென்பொருள்: தேர்வும் நேர்மையும்

மார்த்தாண்டம் என்றதும் தேன் நினைவுக்கு வருதல் இயல்பு. 1920களில் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் ஊரகப் புனரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹாட்ச் என்பாரின் முயற்சியால், இங்குள்ள சிற்றூர்களில் தேனீ வளர்ப்பைப் பரப்பிற்று. அன்று தேனைத் தூய்மையாகப் பிழிந்து புட்டியில் அடைத்தால் போதுமானதாக இருந்தது. இன்றோ அப்புட்டிக்கு ஒரு சீட்டு வேண்டும். சீட்டில் கண்ணைக் கவரும் படம் வேண்டும். நேந்திரங்காய் வறுவல் விற்போர்க்கும், முந்திரிப் பருப்பு வாணிகர்க்கும், 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழத்தை வெளியூருக்கு அனுப்புவோர்க்கும் இதே தேவைதான். கைப்பேசியில் எடுத்த படத்தைக் கணிப்பொறியில் திருத்திச் செம்மை செய்தல் இன்று ஸ்டுடியோக்காரரின் தனித்தொழிலாக இல்லை. சிறுவாணிகத்தின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகிவிட்டது.

இந்நிலையில் நம் மாணவர்கள் எழுப்பும் வினா, “எந்த மென்பொருள் சிறந்தது?” என்பதாகும். வினாவே பிழையானது என்பது நம் கருத்து. ஆசாரியிடம் சென்று, உளி சிறந்ததா, வாள் சிறந்ததா என்று எவரும் கேட்பதில்லை. என்ன வேலை, எந்தத் தாளில் அச்சாகும், சீட்டில் தமிழ் எழுத்து உண்டா, அம்மென்பொருள் முறையாக நம்முடையதா என்பனவே கேட்கத்தக்கவை.

இறுதியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கிய போட்டோஷாப், 1990ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் ஆற்றலை மறுப்பார் இலர். எனினும் நம் நாட்டின் சிற்றூர்க் கடைகள் பலவற்றில் அது வந்து சேர்ந்த வழி வேறு. குறுந்தகட்டில் படியெடுத்துக் கைமாறி வந்த திருட்டுப் பதிப்பையே நெடுங்காலம் நாம் ‘போட்டோஷாப்’ என அழைத்து வந்தோம். 2013 முதல் அந்நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே வழங்கி வருகிறது. ஆதலின் சந்தா கட்ட மனமில்லாதார் பழைய திருட்டுப் பதிப்பையே பற்றிக் கிடக்கின்றனர்.

இதனைச் சிறு குற்றம் எனக் கருதுவார்க்கு ஒன்று கூறுவோம். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 63ஆ பிரிவு, திருட்டுப் படியென அறிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்துவார்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ஊதியமோ வாணிகமோ கருதாது பயன்படுத்தியவர்க்குத் தக்க காரணம் இருப்பின் சிறையை விலக்கித் தண்டத்தையும் குறைக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு; கடை நடத்துவோர்க்கு அவ்விலக்கும் இல்லை. எடைக்கல்லில் குறை வைப்பதை இழிவெனக் கருதும் வாணிகப் பெருமக்கள், கணிப்பொறிக்குள் இருப்பதை மட்டும் கணக்கில் கொள்ளாதிருப்பது வியப்பே.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஒருங்குறி முறையில் ‘தேன்’ என்று தட்டினால் கணிப்பொறியின் நினைவில் முதலில் தகரமும், அதன் பின்னரே இரட்டைக் கொம்பும் பதிவாகும். திரையில் கொம்பை எழுத்துக்கு முன்னே கொணர்ந்து நிறுத்துவது மென்பொருளின் கடமை. 2002இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு போன்ற பழைய போட்டோஷாப்புகளுக்கு இவ்வித்தை தெரியாது. கொம்பு தகரத்துக்குப் பின்னே போய் நிற்கும். ‘மார்த்தாண்டம்’ என்னும் சொல்லில் முன்னிற்கும் கொம்பு எதுவும் இல்லாமையால், அது பழுதான மென்பொருளிலும் பிழையின்றி வந்துவிடும்! ஊர்ப்பெயர் சரியாக வந்ததைக் கண்டு ஏமாறாது, ‘தேன்’ என்றும் ‘கொய்யா’ என்றும் எழுதிப் பார்த்தே மென்பொருளைத் தேர்தல் வேண்டும். இத்தொல்லைக்கு அஞ்சியே பலர் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதே கோப்பைத் திறந்தால் தமிழ் போய் ஆங்கிலக் கிறுக்கலே எஞ்சும். போட்டோஷாப்பின் அண்மைப் பதிப்புகளில் இக்குறை நீங்கிவிட்டது. ஆயின் திருட்டுப் பழம்பதிப்பு வைத்திருப்போர்க்கு அதனால் என்ன பயன்?

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள் ‘தேன்’ என்பதைச் செவ்வனே எழுதுகிறது. விலையில்லை, சந்தாவில்லை, எத்தனை கணிப்பொறியிலும் நிறுவிக்கொள்ளலாம். பொழுதுபோக்காகப் படம் எடுப்போர்க்கும் சீட்டு அடிப்போர்க்கும் இதுவே போதும் என்பது நம் துணிபு. பழகச் சில வாரம் பிடிக்கும் என்பது உண்மை; அதன் முகப்பு அழகும் அத்துணைச் சிறப்பன்று. 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில், செய்த திருத்தத்தைப் பின்னரும் மாற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்துள்ளது.

அச்சு நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் பளபளக்கும் வாழையிலைப் பச்சை தாளில் மங்குவது இதனாலேயே. கிம்ப்பில் அச்சு நிறத்தை முன்னோட்டமாகக் காணலாம். நான்கு மை நிறத்திலேயே நேராக வேலை செய்ய விரும்புவோர்க்குக் கிரிட்டா என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள் உண்டு. எதுவாயினும் ஒரு சீட்டை அச்சிட்டுப் பார்த்த பின் ஆயிரத்துக்கு ஆணையிடுதல் நன்று.

திருமண ஆல்பம் செய்யும் அன்பர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள். வடிவமைப்புக் கோப்புகள் யாவும் போட்டோஷாப் வடிவிலேயே வருகின்றன என்பர். அது நியாயமான மறுப்பே. இவான் குட்ஸ்கிர் என்னும் இளைஞர் ஒருவரே உருவாக்கிய போட்டோபியா, இணைய உலாவியிலேயே அக்கோப்புகளைத் திறக்கிறது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் கட்டணமில்லை. எப்போதேனும் ஒரு கோப்பு வருவோர்க்கு அது போதும். நாள்தோறும் ஆல்பமே பிழைப்பாக உள்ளவர் சந்தாவைக் கட்டிவிடுவதே முறை. ஒளிப்படக் கருவிக்கும் வில்லைக்கும் இலட்சக்கணக்கில் செலவிடுவார்க்கு அது தாங்காத சுமையன்று. ஆனால் சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும் என்பதை மறவாது, முடிந்த படங்களைப் பொது வடிவிலும் சேமித்து வைத்தல் வேண்டும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அம்மாநிலப் பள்ளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறிக் கல்வி புகட்டி வருகின்றன. கிம்ப் அங்குப் பள்ளிப் பாடம். 1956 வரை ஒரே அரசின் கீழ் இருந்த நிலப்பகுதி இது. அங்குப் பள்ளி மாணவர் கற்பதை இங்குப் பட்டம் பெற்றவர் அறியாதிருத்தல் தகுமா? நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் கிம்ப்பை நிறுவி, விடுமுறை நாள்களில் கடைவீதி இளைஞர்க்கும் திறந்துவிட வேண்டுகிறோம். ஆசிரியர் ஒருவரும், தமிழ்ச் சீட்டு அடிக்கத் தெரிந்த அச்சகத்தார் ஒருவரும் முன்வந்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.