மறதிக்காரனைத் திட்டலாமா?

"உப்பு, புளி, தீப்பெட்டி" என்று சொல்லி, 25 வயது மகனைக் கடைக்கு அனுப்புகிறாள் தாய். அவன் தீப்பெட்டியோடு திரும்புகிறான். மற்ற இரண்டும் மறந்துபோயிற்று.

"தின்ன மட்டும் தெரியுது, மூணு சாமான் வாங்கத் தெரியலையா?" என்று திட்டுகிறாள்.

மகனுக்கு மனச்சிதைவு நோய். விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் பொம்மையார்பாளையத்துக் குடிசையிலும் இது நடக்கலாம். சென்னை மாடி வீட்டிலும் நடக்கலாம். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

காதில் யாரோ பேசுவது போல் கேட்கும். வீண் சந்தேகம் வரும். மருந்து சாப்பிட்டால் இவை பெரும்பாலும் அடங்கும். மறதி அப்படி அல்ல. மருந்துக்கு அது எளிதில் மசியாது.

மூளையில் என்ன நடக்கிறது?

கேட்டதைச் சிறிது நேரம் நினைவில் நிறுத்துவதில், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது வேலை செய்வதை ஸ்கேன் கருவியில் பார்க்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு, சின்ன வேலைக்கே அந்தப் பகுதி அதிகமாகப் பாடுபடுகிறது. சுமை கூடினால் ஓய்ந்துவிடுகிறது. மூன்று சாமான் அவனுக்கு மூன்று மூட்டை!

ஆனால், கை பழகிய தொழில் அவ்வளவாகக் கெடுவதில்லை. வலை பின்னத் தெரிந்தவன் பின்னுவான். காலையில் மாத்திரை போட்டோமா என்பது மட்டும் நினைவில் இராது. இதைப் பார்த்துத்தான் "நடிக்கிறான்" என்கிறார்கள். அநியாயமான பேச்சு!

மாத்திரை நின்றால் நோய் திரும்பும். வீட்டார் பொறுமை இழப்பார்கள். எங்காவது கொண்டுபோய் விட்டால் போதும் என்று தோன்றும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சங்கிலி போடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வீட்டில் ஏசுவதைச் சட்டத்தால் மட்டும் தடுத்துவிட முடியாது.

சாமானைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாமே! எழுதத் தெரியாவிட்டால், ஒரு தடவைக்கு ஒரு சாமான் போதும். மாத்திரையைச் சோறு போடும்போது தாயே கையில் கொடுக்கலாம்.

பொம்மையார்பாளையத்தாருக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம்தான். அங்கே மனநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். டாக்டரிடம் போகும்போது, "தூங்குகிறான், சாப்பிடுகிறான்" என்பதோடு நிறுத்திவிடாமல் மறதியையும் சொல்லவேண்டும். ஞாபகத்துக்கென்றே பயிற்சி முறைகள் வந்திருக்கின்றன.