அமுச்சிக்கு ஆறு மாதம்தான்

தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவதுதான் கொங்கு வழக்கம். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் இப்போது அது திசை மாறிவிட்டது. மகள் டல்லாசிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறாள். கருவேப்பிலைப் பொடியும் பிரசவ மருந்துமாக அமுச்சிதான், அதாவது பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர்தான், விமானம் ஏறுகிறார். தோட்டத்தையும் மாட்டையும் பங்காளி வீட்டில் ஒப்படைத்துவிட்டு அப்புச்சியும் கிளம்பிவிடுகிறார்.

போகாமல் முடியாது. இந்தியாவில் 2017 முதல் சம்பளத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவதோ 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். மூன்றாம் மாதமே மகள் வேலைக்குப் போயாக வேண்டும். பிள்ளை அமுச்சி மடிக்கு வந்துவிடுகிறது.

அமுச்சி போய் ஆறாம் மாதம் நெருங்கும்போது அந்தக் கேள்வி வரும்: "இன்னொரு ஆறு மாசம் எக்ஸ்டென்ட் பண்ணிக்கலாமுங்களா?"

பாஸ்போர்ட்டில்தான் பத்து வருட விசா இருக்கிறதே என்பார்கள். குழப்பம் இங்கேதான். அந்த பி-2 சுற்றுலா விசா, பத்து வருடம் வாசலில் வந்து நிற்பதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரி தீர்மானிக்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். கையில் காகிதம் தராததால் இணையத்தில் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

நீட்டிக்க வழி இருக்கிறது. ஐ-94 தேதி முடியுமுன் ஐ-539 படிவம் போட வேண்டும்; 45 நாள் முன்னதாகவே போடச் சொல்கிறது குடியேற்றத் துறை. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் காகிதத்தில் 470 டாலர், இணையத்தில் 420. உரிய காலத்தில் போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் கணக்கில் ஏறாது. ஆனால் பதில் வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் ஐ-94 தேதி கடந்து, மனுவும் நிராகரிக்கப்பட்டால் பத்து வருட விசா செல்லாமல் போகும். நிராகரித்த மறுநாளே அந்தக் கணக்கு தொடங்கும். 180 நாளைத் தாண்டி இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டு, ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. எழுபது வயதுக்காரருக்குப் பத்து ஆண்டு என்றால், பேரனின் பள்ளிக்காலம் முழுக்க வீடியோ அழைப்புதான்.

அறுவைச் சிகிச்சை, பிரசவத்தில் சிக்கல் என்றால் நீட்டிப்பு கேட்பதில் நியாயம் உண்டு. குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று எழுதினால், சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்வதாக அதிகாரி எடுத்துக்கொள்ள இடமுண்டு. இதில் அமுச்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நயாகரா பார்க்க வந்தவரையும் பேத்தியைக் குளிப்பாட்ட வந்தவரையும் ஒரே விசாவில் அடைத்தது சட்டத்தின் குறை.

வேறு சில நாடுகள் பிரித்துப் பார்த்திருக்கின்றன. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா கொண்டுவந்தது. 2022 ஜூலை முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு தங்கலாம். பிள்ளைக்குப் போதிய வருமானமும், வருபவருக்கு ஒரு லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆஸ்திரேலியா 2019இல் பெற்றோருக்கென மூன்று, ஐந்து ஆண்டு விசா தொடங்கியது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்க, பிள்ளை 21 வயதான குடிமகனாக இருக்க வேண்டும். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளோ, தங்கள் கிரீன் கார்டுக்கே பல்லாண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

ஹெச்-1பி பற்றி வாஷிங்டனிடம் பேசும் டெல்லி, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும் பேச வேண்டும். கனடாவின் மாதிரி கண்முன் இருக்கிறது. செலவும் காப்பீடும் பிள்ளையின் பொறுப்பு என்பதால் அமெரிக்க அரசுக்குப் பெரிய சுமையும் இல்லை.

அதுவரை, சம்பந்திகள் முறை போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. புரட்டாசியில் போன அமுச்சி மாசி மகத்துக்குள் திரும்பிவிட்டால் காரமடை அரங்கநாதர் தேரையும் பார்க்கலாம். தேர் பார்த்த கையோடு அப்பாவைப் பெற்ற அப்பத்தா பெட்டி கட்டலாம்.