அரங்கை மூடினர், அடுப்பை எண்ணினரா?

கொள்ளைநோய் பரவுங்கால் கூத்தும் நாடகமும் நடக்கலாமா, அரங்கை அடைத்துவிட வேண்டுமா என்னும் வினா எழும்போதெல்லாம் இரு திறத்தார் எதிரெதிர் நிற்கின்றனர். கலையை ஒருநாளும் நிறுத்தலாகாது என்பார் ஒரு திறத்தார். கூத்தென்ன, சோறா? மூடித் தொலையட்டும் என்பார் மற்றொரு திறத்தார். முன்னவர் உயிரின் அருமை அறியார். பின்னவர் வயிற்றின் அருமை அறியார்.

மூடத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. திரையில் ஆடுவது நிழல். மேடையில் ஆடுபவனோ மூச்சுவிடும் மாந்தன். தொண்டை வரளப் பாடுகிறான். அவனைச் சூழ்ந்து ஊரே தோளோடு தோளுரச விடியவிடிய அமர்ந்திருக்கிறது. மூச்சுக் காற்றால் பரவும் நோய்க்கு இதனினும் ஏந்தான இடம் வேறு யாது? அம்மனுக்கு விழாவெடுத்தால் நோய் அகலும் என்பது பழநம்பிக்கை. ஆனால் நோய்க்கு விழாக்கூட்டமும் சந்தைக்கூட்டமும் ஒன்றே.

1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் இதனை மெய்ப்பித்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மருத்துவர் தடுத்தும் கேளாமல், போர்க்கடன் திரட்டச் செபுத்தம்பர் 28இல் மாபெரும் ஊர்வலம் நடத்தினர். ஏறத்தாழ இரண்டு இலக்கம் பேர் திரண்டனர். சில நாள்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அதன் பின்னரே அரங்குகளை மூடினர். ஆறு கிழமைகளுள் மாண்டோர் ஏறத்தாழ 12,000 பேர். செயிண்டு லூயி நகரிலோ அக்குதோபர் 7ஆம் நாளே நாடக அரங்குகளையும் பள்ளிகளையும் அடைத்தனர். அங்குச் சாவு வீதம் மிகக் குறைந்தது. காலத்தில் இட்ட பூட்டு உயிர் காத்தது.

ஆயின், பூட்டுவோன் செய்யவேண்டிய கடமைகள் இரண்டு உள. எல்லார்க்கும் ஒரே அளவுகோல் வைத்தல் ஒன்று. பூட்டிய கதவின் பின்னிருப்போர்க்குச் சோறிடல் மற்றொன்று.

நானூறு ஆண்டுகட்கு முன்னரே இலண்டன் மாநகர் இவ்விரண்டையும் ஓரளவேனும் உணர்ந்திருந்தது. கொள்ளைநோய்ச் சாவு கிழமைக்கு இத்துணை எனும் எண்ணைத் தாண்டினால் அரங்குகள் மூடப்படும் என்றொரு கணக்கு அங்கு வழங்கியது. 1603இல் அந்நகரில் முப்பதாயிரவர்க்கு மேல் மாண்டனர், அரங்குகள் அடைபட்டன. சேக்சுபியர் இருந்த நாடகக் குழுவுக்கு, ஆட்டமின்றி வாடியமை கருதி, 1604 பிப்பிரவரியில் மன்னர் 30 பவுண்டு வழங்கினார். மூடிய கையே கொடுத்த கையாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? பங்குனி முதல் ஆடி வரையே கூத்தனுக்கு விளைச்சற்காலம். வடமாவட்டங்களில் துரோபதையம்மன் கோயில்தோறும் பாரதக்கூத்து நடப்பதும் அப்போதுதான். அந்நான்கைந்து திங்கள் ஈட்டமே ஆண்டு முழுமைக்கும் அடுப்பெரிப்பது. 2020 மார்ச்சு 25இல் நாடடங்கியது. வாங்கிய அச்சாரம் திரும்பிற்று. அரிதாரப் பெட்டி மூடிற்று. அதனைக் குற்றமென்று எவரும் கூறார்.

ஆயின் அளவுகோல் எங்கே போயிற்று? அதே ஆண்டு மே 7ஆம் நாள், சென்னை நீங்கலாக, அரசின் மதுக்கடைகள் திறந்தன, வரிசைகள் நீண்டன. 2021 சனவரி 4இல் திரையரங்க இருக்கைகள் அனைத்தையும் நிரப்பிக்கொள்ள இசைவு தந்தனர். எதிர்ப்பெழுந்த பின்னரே அது மீளப்பெறப்பட்டது. அடுத்துத் தேர்தல் வந்தது. ஊர்தோறும் பரப்புரைக் கூட்டம், இடைவெளியுமில்லை, மூக்குமறையுமில்லை. ஏப்பிரல் 6இல் வாக்குப்பதிவு முடிந்தது. ஏப்பிரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை! வாக்குக் கேட்டுக் கூடினால் வாராத நோய், கூத்துப் பார்க்கக் கூடினால் மட்டும் வருமோ? இரண்டாம் ஆண்டும் பருவம் பறிபோகக் கண்ட கலைஞர்கள், பறையும் மேளமும் ஏந்தி ஆட்சியர் அலுவலக வாயில்களில் நின்றனர். ஆடற்குரிய கால்கள் வேண்டுகையோடு காத்துநின்ற காட்சி, நாணத்தக்க காட்சி.

சோற்றுக் கடமையோ? 2020இல் குடும்ப அட்டைக்கு 1,000 உருபா. 2021இல் 4,000 உருபா. அது எல்லார்க்கும் தந்தது. தொழிலையே இழந்தவனுக்கு ஈடாகத் தந்ததன்று. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் 2007 முதல் உள்ளது. பதிந்தோர்க்குக் கிட்டியது சிறுதொகை, பதியாதோர்க்கு அதுவுமில்லை. அதே 2020இல் பிரித்தானியா தன் கலைத்துறையைக் காக்க 157 கோடி பவுண்டு ஒதுக்கியது; செருமனி 100 கோடி யூரோ ஒதுக்கியது. செல்வநாடுகள், அவற்றால் இயலும் என்பர். செல்வத்திற்கேற்ற தொகையை எவரும் கேட்கவில்லை. மூடும் ஆணையோடு ஈடும் வருதல் வேண்டும் என்னும் நெறியையே கேட்கின்றனர்.

வேறு தொழில் பார்க்கட்டுமே என்பாரும் உளர். பார்த்தனர், கூலிக்குச் சென்றனர். ஆனால் கூத்து ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. ஆசானின் நாவிலும் மாணவனின் காலிலும் வாழ்வது. இரு பருவம் ஆட்டமின்றிப் போனால், அடவு பழகவந்த இளைஞன் திரும்பி வாரான். நோய் தீர்ந்தபின் அரங்கைத் திறக்கலாம். ஆடுவோனை எங்கிருந்து கொணர்வது?

அரங்கின் அகலம் எழுகோல், நீளம் எண்கோல், உயரம் ஒருகோல் என அளந்துரைத்தது சிலப்பதிகாரம். அங்கு ஆடிய மாதவிக்கு வேந்தன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் தந்ததையும் அதுவே கூறுகின்றது. மேடைக்கு அளவுகண்ட இனம், மேடையில் நிற்பவனைக் காக்கவும் ஓர் அளவு காணல் வேண்டும்.

கொள்ளைநோய் மீண்டும் வரும். அதற்கு முன்னரே சட்டம் வரட்டும்: நோயின் எண்ணிக்கை இன்ன அளவைத் தொட்டால் எல்லாக் கூட்டமும் மூடுக, கட்சிக் கூட்டத்திற்கும் விலக்கில்லை. மூடும் ஆணையிலேயே கலைஞனுக்குரிய ஈட்டுத்தொகையை எழுதுக. பதியாத கலைஞரை ஊர்தோறும் சென்று இன்றே பதிக. இவற்றைச் செய்யாமல் பூட்டுமட்டும் போடும் அரசு நோயைத் தடுத்ததாகாது. நோயால் சாகாதவனைப் பசியால் சாகவிட்டதாகும்.