விட்டுப்போன பழக்கம்

இங்கிலீஷில் ‘ரீஅக்குவெயின்ட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. ‘அக்குவெயின்ட்’ என்றால் பழக்கப்படுத்துவது. ‘ரீ’ என்றால் மறுபடியும்.

இதைத் தமிழில் ‘மறு அறிமுகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பொருந்தாது. அறிமுகம் என்பது தெரியாதவர்களுக்கு. இந்தச் சொல்லோ, தெரிந்து, பழகி, இடையில் விட்டுப்போனவர்களுக்கு உரியது.

‘ரெக்கக்னைஸ்’ என்ற சொல் இதற்குத் தாயாதி. இரண்டுக்கும் வேர், ‘அறிதல்’ என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் சொல். ஆனால், வேலை வேறு. பத்து வருஷம் கழித்து வரும் நண்பனை ரயிலடியில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். அது ‘ரெக்கக்னைஸ்’. பழைய பேச்சு திரும்பி வர இரண்டாவது காப்பி வேண்டும். அதுதான் ‘ரீஅக்குவெயின்ட்’!

ஆளுக்கு மட்டும் அல்ல. ஊர், புத்தகம், மறந்துபோன பாடம் எல்லாவற்றுக்கும் இது வரும். (பின்னால் ‘வித்’ போட வேண்டும். ‘டு’ போட்டால் தப்பு.) அப்போதெல்லாம் ‘தன்னை’ என்பதையும் சேர்த்தே சொல்வது இங்கிலீஷ் வழக்கம். ‘அவன் தன்னை ஊரோடு மறுபடி பழக்கிக்கொண்டான்.’ அதாவது, விட்டுப்போனவன்தான் பாடுபட வேண்டும். ஊர் பேசாமல் இருக்கும்!

‘பழக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டான்’ என்று தமிழில் எழுதினால் இவ்வளவும் அதில் வந்துவிடுகிறது. ‘மறு அறிமுகம்’ எதற்கு?