குறை வாசகரிடம் இல்லை



"நம்ம ஜனங்க புத்தகமே படிக்க மாட்டாங்க, மின்நூலையா படிக்கப் போறாங்க?" என்று ஒரு பேச்சு பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், "என்ன இருந்தாலும் தாள் வாசனை வருமா?" என்பார்கள். இரண்டையும் நான் ஏற்பதில்லை. மின்நூல் ஆரம்பத்தில் எடுபடாமல் போனதற்குச் சோம்பலும் காரணமில்லை, வாசனையும் காரணமில்லை.

புத்தகம் என்றால் மூன்று வசதிகள் கூடவே வரும். எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரும் திறந்து படிக்கலாம். படித்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். நம் அலமாரியில் நம்முடையதாகவே இருக்கும். முதலில் வந்த மின்நூல்களில் இந்த மூன்றுமே சிக்கலாயின.

முதலில் திறப்பதைப் பார்ப்போம். 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். பல நாட்டுத் தமிழர்கள் பைசா வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றினார்கள். எவ்வளவு பெரிய தொண்டு! ஆனால் திருவண்ணாமலை மாதிரி ஊரில் அது அன்றைக்கு எத்தனை பேரை எட்டியிருக்கும்? பெரும்பாலான வீடுகளில் கணினி கிடையாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து சிலப்பதிகாரம் படிக்க முடியுமா?

அப்படியே திறந்தாலும் எழுத்து தெரியாது. அப்போது கணினியில் தமிழுக்குப் பொதுவான ஒரே குறியீடு புழக்கத்தில் இல்லை. மயிலை, இணைமதி, டிஸ்கி, தமிழக அரசு 1999-இல் கொண்டுவந்த டாம், டாப் என்று பல முறைகள். பத்திரிகை இணையதளங்களும் தங்கள் தங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான் வரும். ஒரே வகுப்பில் ஐந்து ஆசிரியர்கள் ஆளுக்கொரு அரிச்சுவடி வைத்துப் பாடம் நடத்தினால் பிள்ளை என்ன செய்யும்? யூனிகோடு எழுத்து கணினியிலும் பிறகு செல்போனிலும் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எழுத்துச் சிக்கலே இல்லாத அமெரிக்காவிலும் மின்நூல் தடுமாறியது. 1998-இல் ராக்கெட் இ-புக் என்ற கருவி வந்தது. விலை சுமார் 500 டாலர், எடை அரைக் கிலோவுக்கு மேல். விலைக்கு வாங்கிய நூல் அந்த ஒரு கருவிக்கே பூட்டப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமானால் கருவியையே தூக்கிக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளிலேயே அதன் விற்பனை நின்றுபோனது. 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் லிப்ரியே வந்தது. கண்ணை உறுத்தாத அருமையான திரை. ஆனால் அதில் நூல் 60 நாளில் தானே மூடிக்கொள்ளும். காசு கொடுத்தும் இரவல்தான்!

மூன்றாவது, வைத்துக்கொள்வது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமை இல்லாதவர் விற்றது என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருந்தாலும், கடைக்காரர் ராத்திரி வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் போனால் சும்மா இருப்போமா? 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோதும், வாங்கியவர்களின் நூல்கள் போய்விட்டன.

இனி நம் கதைக்கு வருவோம். கிண்டில் 2007-இல் வந்தது. அதில் முறைப்படி தமிழ் நூல்கள் வந்தது 2016 டிசம்பரில்தான். அதற்குள் செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்டது. பிறகு நடந்ததைப் பாருங்கள். கிண்டிலிலும் பிரதிலிபியிலும் தமிழ்க் கதைகள் வந்து குவிகின்றன. வீட்டு வேலை முடித்த பெண்கள் தொடர்கதைக்குக் காத்திருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் கால் வலித்து உட்காருபவர் செல்போனில் அத்தியாயம் படிக்கிறார். வாசகர் மாறவில்லை, அவருக்கு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் வாட்ஸ்அப் குழுக்களில், இன்று நம்மோடு வாழ்கிற எழுத்தாளர்களின் நாவல்கள் முழுசாக பி.டி.எஃப். ஆக வருகின்றன. "படிக்கத்தானே சார், நல்ல காரியம்தானே?" என்று கேட்கிறீர்கள். ஒரு புத்தகத்தை நான் உங்களுக்கு இரவல் கொடுத்தால், நீங்கள் திருப்பித் தரும் வரை அது என்னிடம் இருக்காது. குழுவில் இருநூறு பேருக்கு அனுப்புவது இரவல் ஆகாது, அது இன்னொரு பதிப்பு போடுவது. தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகள் விற்பதே பெரும்பாடு. நிறுவனங்கள் பூட்டுப் போட்டதே இந்தப் பயத்தால்தான். பூட்டை எதிர்த்துப் பேச வேண்டுமானால் முதலில் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இலவசமாகப் படிக்கவும் பகிரவும் நிறையவே இருக்கிறது. மதுரைத் திட்டத்தில் 'பொன்னியின் செல்வன்' முழுவதும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த நூல்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. இவற்றைத் தாராளமாக அனுப்புங்கள். விலைக்கு விற்கும் நூலை வாங்கிப் படியுங்கள். வாங்க வசதி இல்லையா, நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். எந்த மின்நூலை வாங்கினாலும், கடை மூடினாலும் இது என்னிடம் இருக்குமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்களிலிருந்து நூலை இறக்கத் தெரியாத பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். என்ன நூல் இறக்கிக் கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.