மொட்டை மாடி ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம்: சுவருக்குள்ள மறையுற பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்



ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரி பக்கம் போகும்போது ரோட்டோர வீடுகளைக் கவனிச்சுப் பாருங்க. கீழே பழைய வீடு, மேலே புதுசா ஒரு ரூம். குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம்னு ஆரோவிலைச் சுத்தி இருக்கிற ஊர்களில் இதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஆரோவிலுக்கு வந்து வாரக்கணக்கில், மாசக்கணக்கில் தங்குறவங்களுக்கு ரூம் வேணும். அந்தப் பக்கம் சொந்த வீடு இருக்கிற, சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்க்கிற பசங்க என்கிட்ட கேட்கிறது இதுதான்: "சார், அப்பா வீட்டு மாடியில் ரூம் எடுத்து அட்டாச்டு பாத்ரூம் போடலாம்னு இருக்கேன். பர்சனல் லோன் எடுக்கலாமா?"

லோன் கேள்விக்குக் கீழே பதில் இருக்கு. அதுக்கு முன்னாடி என் கருத்தைச் சொல்லிடறேன். ரூம் ஒரு சாதாரணச் செலவு. பாத்ரூம்தான் உண்மையான முடிவு. அதுலயும் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு, அதாவது பைப்புக்கும் வாட்டர் ப்ரூஃபிங்குக்கும், கைதாராளமா செலவு பண்ணுங்க. டைல்ஸ், ஷவர், வாஷ் பேசினில் மிச்சம் பிடிங்க. நம்மில் பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா செய்றோம்.

அமெரிக்க வீடியோ நம்ம வீட்டுக்குப் பொருந்தாது

அமெரிக்காவில் கூரைக்கு அடியில் இருக்கிற பரணை ரூமா மாத்தி பாத்ரூம் போடுற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அங்கே பெரும்பாலும் மரச்சட்டம் போட்டுக் கட்டின வீடு. பல வீடுகளில் தரைக்கு அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போற அளவுக்கு இடைவெளி இருக்கும். பைப் ஒழுகுதுன்னா பிளம்பர் டார்ச்சோட உள்ளே போய் மாத்திட்டு வந்துடுவார்.

நம்ம மொட்டை மாடி காங்கிரீட் ஸ்லாப். அதுக்குள்ள இடைவெளியே கிடையாது. கீழ் வீட்டு பாத்ரூமுக்கு ஸ்லாப் போடும்போதே அதைக் கொஞ்சம் தாழ்த்தி, சங்கன் ஸ்லாப்பா போட்டிருப்பாங்க. ஏற்கெனவே இருக்கிற மொட்டை மாடியை இனிமே தாழ்த்த முடியாது. அதனால பாத்ரூம் தரையை அரை அடி, ஒரு அடி உயர்த்தி அதுக்குள்ள கழிவு பைப்பைப் படுக்க வைப்பாங்க. இல்லைன்னா ஸ்லாப்பில் ஓட்டை போட்டு, கீழ் வீட்டு சீலிங்கில் பைப்பைத் தொங்கவிட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பாங்க. ரெண்டுமே மூடி மறைக்கிற வேலைதான். ஒழுகினா டார்ச் அடிச்சுப் பார்க்க வழியில்லை, உடைக்கணும்.

ஆரோவிலில் ஆரம்ப காலத்தில் கருங்கல் தூண் மேல, கீற்றுக் கூரையோட சின்னச் சின்ன குடிசைகள் கட்டினாங்க. 'கேப்ஸ்யூல்'னு சொல்வாங்க. அந்த மாதிரி தரையை விட்டு எழும்பி நிற்கிற கட்டடத்தில் எந்த பைப்பையும் கீழே நின்னே தொடலாம். நம்ம வீட்டில் அந்த வசதி இல்லை. அதனால ஒரு பைப்போட விலைங்கிறது கடையில் கொடுக்கிற விலை மட்டும் இல்லீங்க. அதை மறுபடியும் எட்டித் தொட ஆகிற செலவும் சேர்ந்ததுதான்.

புதுச்சேரியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு வெச்சிருக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். மர உத்தரம், மேல செங்கல், சுண்ணாம்புக் கலவை. அது மேல பாத்ரூம் போட்டு ஒழுகினா உத்தரமே உளுத்துடும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாம அந்த மாடியில் கை வைக்காதீங்க.

உப்புக் காற்று, உப்புத் தண்ணி

மரக்காணத்தில் உப்பு விளையுதுன்னா அந்தக் கடற்கரைக் காற்றிலும் உப்பு இருக்குன்னு அர்த்தம். ஜிஐ பைப், மட்டமான ஸ்டீல் குழாய், ஸ்க்ரூ எல்லாம் கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். போர் தண்ணியும் பல இடங்களில் உப்பு. குடிநீரில் கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணீர் இல்லைன்னா 2,000 வரை போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. வேலை ஆரம்பிக்கும் முன்னாடி உங்க போர் தண்ணியை ஒரு லேபில் டெஸ்ட் பண்ணிடுங்க. தண்ணி கடினமா இருந்தா கீசர் காயிலில் உப்புப் படியும். அது வருஷா வருஷம் வர்ற செலவு, பட்ஜெட்டில் இருக்கணும்.

பிளாஸ்டிக் பைப் துருப்பிடிக்காதுதான். ஆனா எல்லா பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்லை. சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசி போடணும், யுபிவிசி பச்சைத் தண்ணிக்கு மட்டும்தான். ஒட்டுற சால்வென்ட் சிமென்ட்டும் அந்தந்த பைப்புக்கு உரியதா இருக்கணும். ஒரு டப்பா மிச்சம் பிடிக்கிறேன்னு இதை அதுக்குப் போட்டா ஜாயின்ட் விட்டுடும். வெயில் படுற மாதிரி மாடியில் ஓடுற பைப்புக்குப் பெயின்ட் அடிக்கணும்.

இதில் காசை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. உப்புத் தண்ணி ஸ்லாப்புக்குள்ள ஊறிக்கிட்டே இருந்தா உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பும். அப்புறம் கீழ் வீட்டு சீலிங்கில் காரை பெயர்ந்து விழும். அந்த சீலிங்குக்குக் கீழே படுத்திருக்கிறது உங்க அப்பா அம்மா. முதல்ல ஓதம் தெரியும், அப்புறம் பெயின்ட் உப்பும். மாசம் ஒரு தடவை ஊருக்குப் போற உங்ககிட்ட அவங்க அதைச் சொல்லவும் மாட்டாங்க. "பையன் ஆசையா கட்டினான்"னு பேசாம இருப்பாங்க.

கணக்கு போடுவோம்

இதெல்லாம் உதாரண எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

நல்ல பைப், நல்ல ஃபிட்டிங், முறையான வாட்டர் ப்ரூஃபிங், டெஸ்டிங் எல்லாத்துக்கும் கூடுதலா 15,000 ரூபாய் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதைச் செய்யாம விட்டு, பின்னாடி ஒழுகினா என்ன ஆகும்? தரையை உடைக்கணும், அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது, கீழ் சீலிங்கைப் பூசிப் பெயின்ட் அடிக்கணும், வாடகைக்கு இருக்கிறவர் காலி பண்ணுவார். எல்லாம் சேர்த்து 80,000. அப்போ 15,000 மிச்சம் பிடிக்கிறது லாபமா இருக்கணும்னா, ஒழுகுற வாய்ப்பு நூத்துக்கு 19-க்குக் கீழே இருக்கணும். அஞ்சு வீட்டில் ஒரு வீடு ஒழுகினாலே அந்த மிச்சம் நஷ்டம். உப்புக் காற்று அடிக்கிற ஊரில், அவசரமா போட்ட பைப் பத்து வருஷம் ஒழுகாம இருக்கும்னு நீங்க பந்தயம் கட்டுவீங்களா? நான் கட்ட மாட்டேன்.

இப்போ லோன். ரூமும் பாத்ரூமும் சேர்த்து 4 லட்சம், 14 சதவீத வட்டியில் 5 வருஷ பர்சனல் லோன்னு எடுத்துக்குங்க. இஎம்ஐ சுமார் 9,300 வரும். மொத்தம் கட்டுறது சுமார் 5.58 லட்சம், அதில் வட்டி மட்டும் 1.58 லட்சம். வாடகை மாசம் 8,000, வருஷத்தில் ஒரு மாசம் காலின்னா கையில் வர்றது 88,000. இஎம்ஐ கிட்டத்தட்ட 1,11,700. வருஷத்துக்கு 23,700 உங்க சம்பளத்திலிருந்து போகும். இதில் நடுவில் ஒரு 80,000 ரூபாய் ரிப்பேர் வந்தா பத்து மாச வாடகை காலி.

அதனால என் பதில் இது. பாதிப் பணமாவது கையில் சேர்ந்த பிறகு ஆரம்பிங்க. பணம் பத்தலைன்னா ரூமை ஒத்திப் போடுங்க, பைப்பின் தரத்தைக் குறைக்காதீங்க.

எஸ்டிமேட்டில் வராத செலவுகள்

தண்ணி பிரஷர்: 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மாடி ரூம் ஷவருக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு மீட்டர்தான் உயரம்னா 0.1 பார். ஷவர் சொட்டும், அவ்வளவுதான். டேங்கை உயர்த்தணும் இல்லைன்னா பிரஷர் பம்ப் வைக்கணும். டேங்க்னா எடையும் யோசிங்க, 1,000 லிட்டர் தண்ணி ஒரு டன்.

செப்டிக் டேங்க்: பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் மூணு பேருக்குக் கட்டின தொட்டியில் இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கிறோம். கொள்ளளவு போதுமான்னு பாருங்க.

அனுமதி: மாடியில் கட்ட உள்ளாட்சி அனுமதி வேணும். கடலில் இருந்து 500 மீட்டருக்குள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு.

இன்சூரன்ஸ்: 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தண்ணி டேங்க், பைப் வெடிச்சு ஏற்படுற சேதத்துக்குக் கவர் இருக்கு. ஆனா பொதுவா தேய்மானம் எந்த பாலிசியிலும் வராது. மெல்ல மெல்லக் கசியுறதுக்கு இன்சூரன்ஸை நம்பாதீங்க.

வரி காப்பாத்தாது, வீடும் உங்களுது இல்லை

"லோன் வட்டிக்கு வரி கழிவு உண்டே"ன்னு கேட்பீங்க. நாம குடியிருக்கிற வீட்டைப் புதுப்பிக்க வாங்கின கடனுக்குப் பழைய முறையில் வருஷத்துக்கு அதிகபட்சம் 30,000 வரைதான். புதிய வரி முறையில் குடியிருக்கிற வீட்டுக்கு அதுவும் இல்லை. உங்களில் பலர் இப்போ புதிய முறையில்தான் இருக்கீங்க.

அதை விட முக்கியமானது, கழிவு வீட்டு உரிமையாளருக்குத்தான். வீடு அப்பா பேரில், லோன் உங்க பேரில்னா வட்டியை நீங்க காட்ட முடியாது. வாடகையும் அப்பாவோட வருமானம். அதில் 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்கும். ரிப்பேரே பண்ணலைன்னாலும் அதே 30 சதவீதம், லட்ச ரூபாய்க்கு ரிப்பேர் பண்ணாலும் அதே 30 சதவீதம்தான். ஒழுகாத பாத்ரூம் உள்ளவருக்கு அந்தக் கழிவு கையில் மிஞ்சும். ஒழுகுற பாத்ரூம் உள்ளவருக்கு அதுவும் பிளம்பர்கிட்ட போகும்.

இங்கே ஆரோவிலைப் பாருங்க. 1968 பிப்ரவரி 28 அன்னிக்குத் தொடங்கின ஊர். 1988-ல் வந்த சட்டப்படி ஆரோவில் ஃபவுண்டேஷன் அமைஞ்சது. அந்தச் சமூகத்தின் நிலமும் வீடுகளும் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தம். ஒருத்தர் தன் பணத்தைப் போட்டுக் கட்டினாலும் அதைத் தன் சொத்துன்னு விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. இது தெரிஞ்சேதான் பணம் போடுறாங்க. வாழ்றதுக்காகக் கட்டுறாங்க, சொத்துக்காக இல்லை.

அப்பா வீட்டு மாடியில் நீங்க போடுற பணமும் சட்டப்படி கிட்டத்தட்ட அப்படித்தான். உயில் இல்லாம அப்பா காலமானா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, தம்பி எல்லாருக்கும் சம பங்கு. "பாத்ரூம் நான் போட்டது"ன்னு தனிப் பங்கு கேட்க முடியாது. இதைத் தப்புன்னு நான் சொல்லலை. அப்பா அம்மா வசதியா இருக்கட்டும்னு செய்றது நல்ல செலவுதான். அதை முதலீடுன்னு மட்டும் உங்களையே நீங்க ஏமாத்திக்காதீங்க. ஆரம்பிக்கும் முன்னாடி குடும்பத்தில் உட்கார்ந்து பேசி, யார் எவ்வளவு போடுறாங்கன்னு ஒரு பேப்பரில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.

பிளம்பரை வரச் சொல்றதுக்கு முன்னாடி

1. கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலயோ, வெளிச்சுவரை ஒட்டியோ மாடி பாத்ரூமை வைங்க. கழிவு பைப் நேரா வெளியே போய், வெளிச்சுவரில் இறங்கணும். அப்போ பெரும்பகுதி பைப் எப்பவும் கைக்கு எட்டும்.

2. மாடிக்குத் தனி பால் வால்வ் வைங்க. ஒழுகினா மாடியை மட்டும் மூடலாம்.

3. பூசுறதுக்கு முன்னாடி லைனை ராத்திரி முழுக்க பிரஷரில் வெச்சு, காலையில் மீட்டர் முள் இறங்கியிருக்கான்னு நீங்களே பாருங்க.

4. வாட்டர் ப்ரூஃபிங் முடிஞ்சதும் தரையில் தண்ணி கட்டி ரெண்டு நாள் விடுங்க. கீழே போய் சீலிங்கைப் பாருங்க. அதுக்கப்புறம்தான் டைல்ஸ்.

5. சுவரை மூடுறதுக்கு முன்னாடி, டேப் வெச்சு அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. நாளைக்கு டிரில் போடும்போது உதவும்.

6. பில் வாங்குங்க, பணத்தை பேங்க் வழியா கொடுங்க. புது பாத்ரூம் வீட்டின் மேம்பாட்டுச் செலவு. வீட்டை விற்கும்போது உரிமையாளர் அதை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். சாதாரண ரிப்பேருக்கு அந்தச் சலுகை இல்லை.

7. பிளம்பருக்குக் கடைசித் தவணையை ஒரு மாசம் கழிச்சுக் கொடுக்கிறதா முன்னாடியே பேசிக்குங்க.

மேலே போட்ட கணக்கு எக்செல் ஷீட்டா வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் இருக்கு, உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. ஷவர் பிடிக்கலைன்னா அடுத்த போனஸில் அரை நாளில் மாத்திடலாம். ஸ்லாப்புக்குள்ள இருக்கிற எல்போவை அப்படி மாத்த முடியாது. பணத்தை அங்கே போடுங்க.