கறுப்புக்கு எதுக்குக் காசு?

"சும்மா கலர் தானேடா, அதுக்கு ஏன் இவ்வளவு கத்துறாய்?"

போன மாசம் எங்கட ரூமில் நடந்த சண்டை இந்த வசனத்தில்தான் தொடங்கியது. நாங்கள் நாலு பேர். ஒருத்தனுக்கு மட்டும் கனடாவில் இருக்கிற மாமா ஃபைனல் ஃபாண்டஸி 14க்கு மாதச் சந்தா கட்டுகிறார். மற்ற மூன்று பேரும் இலவச ட்ரையல்: 300,000 கில்லுக்கு மேல் வைத்திருக்க ஏலாது, மார்க்கெட் போர்டில் ஒன்றும் வாங்கவும் ஏலாது. சந்தாக்காரன் இரண்டு கிழமை இரவிரவாக முழித்துக் கில் சேர்த்து, ஒரே ஒரு 'ஜெட் பிளாக்' சாயம் வாங்கினான். கோட்டுக்கு அடித்தான். உண்மையாகவே வடிவுதான். அடுத்த கிழமை அதைவிட நல்ல கோட் ஒன்று கிடைத்தது. கறுப்பு பழைய கோட்டோடு நின்றுவிட்டது. புதுக் கோட்டுக்கு இன்னொரு போத்தல், இன்னொரு இரண்டு கிழமை.

2024இல் டோன்ட்ரெயில் வந்த பிறகு பல உடுப்புகளில் இரண்டு இடத்துக்குத் தனித்தனியாகச் சாயம் போடலாம். நல்ல விஷயம். ஆனால் இரண்டு இடமும் கறுப்பாக வேணுமெண்டால் இரண்டு போத்தல். நேரம் இல்லாதவர்களுக்கு அதே கறுப்பையும் தூய வெள்ளையையும் கம்பனியே தன்ர ஒன்லைன் கடையில் உண்மைக் காசுக்கு விற்கிறது. மாதச் சந்தா வேற, இது வேற.

இதைத்தான் நாங்கள் கேட்கிறோம்: கறுப்புக்கு எதுக்குக் காசு?

முதலில் இந்தச் சாயம் எப்படி வேலை செய்கிறது எண்டு பார்ப்போம். ஒரு கவசத்தைக் கலைஞர் ஒருமுறை வரைகிறார். அதில் எது துணி, எது தோல், எது உலோகம் எண்டு பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கிறார்கள். நீங்கள் ஒரு நிறத்தைத் தெரிவு செய்தவுடன் கணினி அந்தப் பகுதிக்குரிய நிறத்தைக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. கில்ட் வோர்ஸ் 2இன் நிறத் தரவுகள் யாரும் பார்க்கக்கூடியதாகத் திறந்தே இருக்கின்றன. ஒவ்வொரு சாயத்துக்கும் துணிக்கு வேறாக, தோலுக்கு வேறாக, உலோகத்துக்கு வேறாகச் சில எண்கள்: பிரகாசம், மாறுபாடு, நிறச்சாயல், செறிவு, ஒளிர்வு. ஒரே சிவப்பு சால்வையில் ஒரு மாதிரியும் மார்புக் கவசத்தில் இன்னொரு மாதிரியும் தெரிவது இதனால்தான்.

இதில் திறமை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்குச் சம்பளம் வேணும். ஆனால் அது ஒருமுறை செய்த வேலை. பிறகு ஒரு லட்சம் பேர் கறுப்புப் போட்டாலும் ஒரு துளி குறையப் போவதில்லை. கணினிக்குக் கறுப்பு எண்டால் மூன்று பூச்சியம், வெள்ளை எண்டால் மூன்று 255. எண்களிலேயே ஆகச் சுலபமான இந்த இரண்டும்தான் விளையாட்டுச் சந்தையில் ஆக விலை கூடின சாயங்கள்.

உண்மையான சாயத்தின் கதை வேற. 1909இல் ஃப்ரீட்லண்டர் என்ற வேதியியலாளர் 12,000 கடல் நத்தைகளிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் வெறும் 1.4 கிராம். அந்த ஊதா உரோமச் சக்கரவர்த்திகளின் அடையாளமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. எங்கட பக்கத்திலும் கதை இருக்கிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணைக் கிண்டி எடுத்த சாயவேரில் இருந்துதான் துணிக்குச் சிவப்பு வந்தது. ஒல்லாந்தர் வந்ததும் அந்த வேர் கம்பனியின் ஏகபோகமாயிற்று. வேரைத் தோண்டினவர்கள் எங்கட ஆட்கள், விலை வைத்தது கம்பனி. 1856இல் லண்டனில் 18 வயதுப் பெடியன் ஒருத்தன், வில்லியம் பெர்கின், குயினைன் செய்ய வெளிக்கிட்டுத் தற்செயலாக ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டான். அதற்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஊதாவைச் சாதாரண சனமும் உடுக்கத் தொடங்கியது.

நத்தையும் இல்லாத, வேரும் இல்லாத ஓர் உலகத்தில் பெர்கினுக்கு முந்தைய விலைப்பட்டியலை ஏன் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்? தட்டுப்பாடு இல்லாத இடத்தில் தட்டுப்பாட்டைக் கம்பனிதான் செய்கிறது.

எல்லாரும் ஒரே மாதிரி எண்டு நாங்கள் சொல்லவில்லை. 1997இல் வந்த அல்டிமா ஒன்லைனில் கடைக்காரரிடம் சாயத் தொட்டி வாங்கி உடுப்புக்கு நிறம் போடலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைனில் சாதனைகள் செய்யச் செய்ய நிறங்கள் திறக்கும், திறந்த நிறம் உங்கட நிறம். கில்ட் வோர்ஸ் 2இல் ஒருமுறை திறந்த சாயத்தை எத்தனை தரமும் சும்மா போடலாம். முதலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகத் திறக்கவேண்டி இருந்தது, 2014இல் அதை முழுக் கணக்குக்கும் பொதுவாக்கினார்கள். மனம் வைத்தால் செய்யலாம் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

ஆனால் அதே எல்டர் ஸ்க்ரோல்ஸில் கவசத்துக்கு நிறம் போடுகிற மாதிரி கொஸ்டியூமுக்குப் போட ஏலாது. அதுக்குச் சந்தா வேணும், இல்லாவிட்டால் ஒருமுறை மட்டும் பாவிக்கிற முத்திரை வாங்க வேணும். கில்ட் வோர்ஸ் 2இல் சில நிறங்கள் கடையில் விற்கிற கிட்டுக்குள்ளிருந்துதான் வரும். எந்த நிறம் விழும் எண்டு வாங்க முதல் தெரியாது. எங்கட ஊரில் இதுக்குப் பெயர் லொத்தர். பிளாக் டெசர்ட் ஒன்லைனில் நிறத்தையே வாடகைக்குத் தருகிறார்கள். மெர்வின் தட்டு எண்ட பொருளின் காலம் முடிய, அதால் போட்ட நிறமும் போய்விடும். வாடகை கட்டாவிட்டால் சுவரில் பூசின பெயின்டைச் சுரண்டிக்கொண்டு போகிற வீட்டுக்காரரை எங்கயாவது கண்டிருக்கிறீர்களா?

"விருப்பமில்லாட்டி வாங்காத. நிறம் போட்டால் வாள் கூர்மையாகுமா?" எண்டு கேட்பார்கள். ஆகாதுதான். ஆனால் ஒன்லைன் உலகத்துக்கு நாங்கள் சண்டை பிடிக்க மட்டும் போவதில்லை, மற்றவர்கள் பார்க்கிற இடத்துக்குப் போகிறோம். நிறம் முக்கியமில்லை எண்டால் அதைக் கடையில் முன்னுக்கு வைத்து விற்க மாட்டார்கள்.

"அரிதாக இருந்தால்தானே மதிப்பு?" எண்டும் கேட்பார்கள். சரி, அரிதாக்குங்கோ. கஷ்டமான சாதனைக்கு ஒரு நிறம் கொடுங்கோ, நாங்களும் மாசக்கணக்கில் முக்குவோம். வென்ற நிறம் ஒரே தரத்தில் தீர்ந்துபோனால் அதில் என்ன மதிப்பு இருக்கு? டெஸ்டினி முதல் பாகத்தில் திரும்பத் திரும்பப் பாவித்த ஷேடர்களை 2017இல் இரண்டாம் பாகத்தில் ஒருமுறைப் பொருளாக மாற்றினார்கள். விளையாடினவர்கள் உலகம் முழுக்கக் கத்தினார்கள். உடனே நடக்கவில்லை, ஆனால் கடைசியில் அவை திரும்ப நிரந்தரமாகின. கத்தினதால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இனி "சும்மா கலர்" எண்ட கதைக்கு வருவோம். முதலாம் வருஷம் நினைவிருக்கா? சீனியர்மார் சொன்ன உடுப்பு, சொன்ன நிறம். நீட்டுக்கைச் சேட். ஜீன்ஸ் கூடாது, ரீசேட் கூடாது, கறுப்பு கூடாது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் நீளமான பட்டியல். அந்த மாதங்களில் எங்களில் ஒருத்தன் ஒவ்வொரு இரவும் ரூமுக்கு வந்து, லாப்டொப்பைத் திறந்து, தன்ர பாத்திரத்துக்கு மஞ்சளும் ஊதாவுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். சண்டைக்குப் போகவில்லை, ஒரு குவெஸ்ட்டும் செய்யவில்லை. நகரத்தின் நடுவில் சும்மா நின்றான். பகல் முழுக்க மற்றவன் சொன்ன நிறத்தில் நடந்தவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் என்ன எண்டு எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் போத்தல் கணக்கில் காசு கேட்கிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. புதுக் கவசத்தை வில்லுங்கோ, புதுக் கதையை வில்லுங்கோ, சந்தா எடுங்கோ. ஆனால் ஒருமுறை திறந்த நிறம் திறந்தபடி இருக்க வேணும். வாடகை நிறம் வேண்டாம், லொத்தர் நிறம் வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் முதல் நாளிலேயே எல்லாருக்கும் வேணும். விளையாடுகிறவர்கள் ரிவியூ எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதுங்கோ.

எங்கட சந்தாக்காரன் இப்ப மூன்றாவது போத்தலுக்குக் கில் சேர்க்கிறான். லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் படடா எண்டால் கேட்கிறான் இல்லை.